ரிங்லெட்டில் ஐந்து நாள்: அம்மாவின் மூச்சும் மலைக்காற்றும்

முதல் நாள்: சனி, செப்டம்பர் 14

விடியற்காலை ஐந்தரைக்குக் கிள்ளானிலிருந்து கிளம்பினோம். நான், அம்மா, பதினொரு வயது மகள். பின் இருக்கையில் அம்மாவின் மருந்துப் பை: இழுப்பு வந்தால் அடக்கும் நீல பம்பு, வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் பழுப்பு பம்பு, சுடுநீர் பிளாஸ்க், தைலம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் வந்து, போர்ட் கிள்ளானில் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவித்தார்கள். ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வாரத்தில்தான் அம்மாவுக்கு முதன்முதலாக ஆஸ்துமா இழுத்தது. அதன் பிறகு விடவே இல்லை.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கேமரன் மலையில் ரிங்லெட்டில் இருக்கிறார். முப்பத்தோரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "அண்ணியைக் கூட்டிட்டு வா கண்ணு, இங்க காத்து நல்லா இருக்கு" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். இந்தப் பள்ளி விடுமுறையில்தான் வாய்த்தது.

கிளம்புகிறோம் என்றதும் எங்கள் தாமானில் ஆளாளுக்கு ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "மலையில ஓசோன் காத்து. நெஞ்செல்லாம் சுத்தமாயிடும்." ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஒரு வாயு. அந்தச் சொல்லை இப்படிச் சொல்வது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறவள். அந்தச் சொல்லை நம்பி எங்கள் வீட்டிலேயே ஒரு தப்பு நடந்துபோனது. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். அம்மா பிறந்த ரப்பர் தோட்டத்துக்கு அங்கிருந்து உள்ளே போகவேண்டும். லயங்கள் எதுவும் இல்லை. பால்மரமும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைதான். அம்மா காரை விட்டு இறங்கி, ஒரு மேட்டைக் காட்டி, "அந்த மேட்டுலதான் என் நிரை. காண்டா வாளியோட ஏறி இறங்குவேன், ஒரு நாளும் மூச்சு வாங்கினதில்ல" என்றார். பதினான்கு வயதில் உளி பிடித்தவர். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போன பிறகும் மொத்தம் இருபத்திரண்டு வருடம் பால் வெட்டியிருக்கிறார்.

செம்பனைக்கு நடுவே நின்றபோது ஒன்று நினைவுக்கு வந்தது. செம்பனை இலைகள் வெயில் ஏற ஏற ஐசோப்ரீன் என்ற ஆவியை நிறைய வெளியிடும். ரப்பர் பால் இருக்கிறதே, அதன் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு கண்ணியும் இதே ஐசோப்ரீன் அமைப்புதான். ஐசோப்ரீன் மட்டும் இருந்தால் பாதகமில்லை. அதோடு வண்டிப் புகையிலும் உரம் போட்ட மண்ணிலும் இருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் சேர்ந்து, மேலே வெயிலும் பட்டால், தரைக்குப் பக்கத்திலேயே ஓசோன் உண்டாகும். சபாவின் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் அளந்து பார்த்த விஞ்ஞானிகள் இதை 2009-இல் எழுதினார்கள். காட்டைவிடச் செம்பனைத் தோட்டத்தில் இந்த ஆவியும் அதிகம், நைட்ரஜன் ஆக்சைடும் அதிகம். நைட்ரஜன் ஆக்சைடு இன்னும் கூடினால் ஓசோன் உடம்புக்குத் தீங்கான அளவுக்கு ஏறிவிடும் என்பது அவர்கள் எச்சரிக்கை. பச்சையாக இருப்பதெல்லாம் நல்ல காற்று என்று என் மாணவர்களுக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். இனி அந்தப் படத்தைக் கொஞ்சம் திருத்தித்தான் வரையவேண்டும்.

தாப்பாவிலிருந்து பழைய சாலை. ரிங்லெட்டுக்குச் சுமார் 45 கிலோமீட்டர், அவ்வளவும் வளைவு. மகளுக்கு இரண்டு தடவை வாந்தி. லாத்தா இஸ்கந்தார் அருவியில் நிறுத்தி முகம் கழுவினோம். ஒராங் அஸ்லி அக்கா ஒருவரிடம் பெத்தாய் இரண்டு கட்டு வாங்கினேன். அதற்கு மேல் காது அடைக்க ஆரம்பித்தது. ஏர்கண்டிஷனை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினோம். வந்த காற்றில் ஈர இலை வாசம். அம்மா ஒன்றும் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து விட்டார்.

சித்தப்பா வீட்டில் சூடான தே ஓ, ரசம், பெத்தாய் சம்பல். எல்லாம் சரி. ஆனால் ராத்திரி பத்தரைக்கு அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. குளிர்ந்த காற்றே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும் என்று தெரிந்திருந்தும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தது என் தவறு. நீல பம்பு இரண்டு தரம், தலைக்குத் துண்டு, போர்வை. பதினொன்றரைக்கு அடங்கியது. இப்போது தூங்குகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: ஞாயிறு, செப்டம்பர் 15

அம்மா காலை ஏழு வரை தூங்கினார். கிள்ளானில் நாலரைக்கே இருமலோடு எழுந்துவிடுவார். சித்தி கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, "எழுப்பாதே, தூங்கட்டும்" என்றார்.

பகலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அம்மா படுத்த அறையில், சுவரின் கீழ்மூலையில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்துமாக்காரர்களை அனுப்பிக் குணப்படுத்தியதாகப் படித்திருக்கிறோம். அங்கே உயரத்தில் காற்று வறண்டிருக்கும், தூசிப்பூச்சி பெருகாது. அதனால் பலருக்கு மூச்சு லேசாகும். ஆனால் கேமரன் மலை அப்படி இல்லை. இங்கே மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிறது. துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. அங்கே உள்ள மலை செய்வதை இந்த மலையும் செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் சுவரைத் துடைத்து, கட்டிலை வெயில் வரும் அறைக்கு மாற்றினோம். சித்தி ஏற்றவிருந்த சாம்பிராணியை வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். சித்திக்கு முதலில் முகம் சுருங்கியது. அம்மாவின் பம்பைக் காட்டியதும் புரிந்துகொண்டார்.

சரி, நேற்று சொல்வதாகச் சொன்ன கதை.

சில வருடங்களுக்கு முன், புகைமூட்டம் ஓய்ந்த சமயம், எங்கள் வீட்டுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. "இது ஓசோன் மெஷின். மலைக்காற்றை உங்க ரூமுக்குள்ள கொண்டு வரும். கிருமி சாகும், நுரையீரல் சுத்தமாகும்." 1,800 வெள்ளி. நான் பள்ளியில் இருந்தேன். அம்மா தன் சேமிப்பிலிருந்து முன்பணம் கொடுத்துவிட்டார், மீதி தவணை. சாயந்தரம் வந்து பார்த்தபோது அறையில் ஒரு வாசம். பள்ளி அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷின் நெடுநேரம் ஓடினால் வருமே, அந்தக் கூரான வாசம். நானும் சும்மா இருந்துவிட்டேன். அம்மா சந்தோஷமாக இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். அதுதான் இன்றுவரை எனக்கு வருத்தம்.

இரண்டு வாரத்தில் இருமல் கூடியது. இரவில் நெஞ்சு இறுகுகிறது என்றார். புகைமூட்டத்தின் மிச்சம் என்று நினைத்து, மெஷினை இன்னும் கூடுதல் நேரம் ஓட்டினோம்.

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். மாத்திரைப் பொட்டலங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மெஷினுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருப்பார். ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். இழுத்துக் கட்டியிருந்த எல்லா ரப்பர் பேண்டிலும் குறுக்கே குறுக்கே கோடு, கத்தியால் கீறினதுபோல. ஒன்று கையில் எடுத்ததுமே அறுந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நீவிப் பார்த்து, "பால் செத்துப்போச்சும்மா. வெயில்ல கெடக்குற ஒட்டுப்பால் கூட இப்படி ஆகாது" என்றார்.

அப்புறம்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. இரண்டு புது ரப்பர் பேண்டை எடுத்து, இரண்டு பென்சில் டப்பாவில் இழுத்து மாட்டினேன். ஒன்றை மெஷின் முன்னால் வைத்தேன். இன்னொன்றைச் சமையலறை அலமாரிக்குள் வைத்து மூடினேன். மூன்றாம் நாள் மெஷின் முன்னால் இருந்ததில் வெடிப்பு தெரிந்தது. ஆறாம் நாள் அறுந்து விழுந்தது. அலமாரியில் இருந்தது அப்படியே இருந்தது.

ரப்பரின் சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் நேரே போய் அந்த இடத்தில்தான் வெட்டும். ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் இழுவைக்குக் குறுக்காக வெடிக்கும். 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கண்ணெரியும் புகைமூட்டம் வந்து, கார் டயர்களெல்லாம் சீக்கிரமே வெடிப்பு விட்டபோது, ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் அதற்குக் காரணம் ஓசோன் என்று கண்டார். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து அது உண்டாகிறது என்பதையும் அவர்தான் காட்டினார். அந்தக் காலத்தில் காற்றில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று பார்க்க, வளைத்த ரப்பர்த் துண்டு எத்தனை நிமிடத்தில் வெடிக்கிறது என்றுதான் அளந்தார்கள். அம்மா மேசையில் நடந்ததும் அதே சோதனைதான், யாரும் திட்டமிடாமல்.

நுரையீரலுக்குள் மெல்லிய ஈரப்படலம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள கொழுப்புகளிலும் அதே இரட்டைப் பிணைப்பு. ஓசோன் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும். மூச்சுக்குழாய் அழன்று வீங்கும், இருமல் வரும், நெஞ்சு இறுகும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு கிளம்பும். எட்டு மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்கிற அளவுக்கு ஓசோனை விட்டால் அது மனிதருக்குத் தீங்கான அளவைத் தாண்டிவிடும்; தீங்கில்லாத அளவில் விட்டால் அது எதையும் பெரிதாகச் சுத்தம் செய்யாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 0.05 பிபிஎம்-க்கு (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.05 பங்கு) மேல் ஓசோன் விடும் காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளை 2010 முதல் வீட்டு உபயோகத்துக்கு விற்கக்கூடாது. இங்கே எங்கள் வாசலில் தவணைக்குக் கொடுத்தார்கள்.

கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டதே, "ரூம்ல என்ன வெச்சிருக்கீங்க?" என்றுதான். சொன்னதும், "இன்னைக்கே நிறுத்துங்க" என்றார். நிறுத்தினோம். பத்து நாளில் இருமல் பழைய நிலைக்கு வந்தது. ஆனால் பெட்டி இன்னும் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. 1,800 வெள்ளியாயிற்றே, தூக்கிப் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "சும்மாதானே கெடக்கு, எங்களுக்குக் குடுங்களேன்" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

இன்று சித்தப்பா வீட்டு முன்வாசலில், நிழல் விழும் இடத்தில், ஒரு ரப்பர் பேண்டைப் பென்சில் டப்பாவில் இழுத்து மாட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மகளின் யோசனை. "இந்த ஊர்க் காத்தையும் பாத்துடலாம்மா."

மூன்றாம் நாள்: திங்கள், செப்டம்பர் 16

மலேசிய தினம். ரிங்லெட் கடைவீதியெங்கும் ஜாலுர் கெமிலாங் கொடிகள். இதே நாள்தான் உலக ஓசோன் நாளும். 1987 செப்டம்பர் 16-இல் ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1963-இல் இதே தேதியில்தான் மலேசியா உருவானது. இரண்டையும் சேர்த்து வகுப்பில் சொல்வேன். பிள்ளைகளுக்குத் தேதி மறக்காது.

பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். எட்டரைக்குக் கிளம்பினோம். தானா ராத்தாவைத் தாண்டியதும் கார்கள் நின்றுவிட்டன. கோலாலம்பூர் முழுக்க மலைக்கு வந்துவிட்டதுபோல ஒரு வரிசை. எஞ்சினை நிறுத்தாமல் பேருந்துகள். முன்னால் போன காய்கறி லாரியின் கறும்புகை நேரே எங்கள் கண்ணாடிக்கு. ஏர்கண்டிஷனை உள்காற்றுக்கு மாற்றினேன். அம்மா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கோயிலுக்குப் போய்ச் சேர ஒன்றேமுக்கால் மணி நேரம். முருகனைப் பார்த்ததும் அம்மா முகம் தெளிந்தது. அது போதும் எனக்கு.

அந்த நெரிசலில் உட்கார்ந்திருக்கும்போது யோசித்தது: மலைக்காற்று என்று ஆயிரக்கணக்கில் ஏறி வருகிறோம், வரும்போது அந்தக் காற்றுக்கு என்ன கொண்டுவருகிறோம்? வண்டிப் புகை சுடச்சுட வெளியே வரும் இடத்தில் நைட்ரிக் ஆக்சைடு பக்கத்தில் உள்ள ஓசோனைத் தின்றுவிடும். அதனால் நெரிசலான சாலையில் ஓசோன் குறைவாகக்கூட இருக்கும். புகை தள்ளிப்போய், வெயிலில் வெந்து, நாலைந்து மணி நேரம் கழித்து வேறோர் இடத்தில் ஓசோனாகச் சேரும். ஆகவே நகரத்தில் செய்த வினை நகரத்துக்கு வெளியேதான் பெரும்பாலும் விளைகிறது. உலகத்தில் பல இடங்களில் மலைப்பகுதியின் ஓசோன் அளவு நகர நடுவைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "அப்ப ஜனங்க ஓசோன் காத்து ஓசோன் காத்துன்னு சொல்றது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 1839-இல் பாசல் நகரத்துப் பேராசிரியர் ஷோன்பைன் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சியபோது ஒரு வாசம் வந்தது. மணத்தல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஓசோன் என்று பெயர் வைத்தார். மாவும் அயோடைடு உப்பும் தோய்த்த காகிதத்தை வெளியே தொங்கவிட்டால் ஓசோனில் அது நீலமாகும். கடற்கரையிலும் மலையிலும் நன்றாக நீலமானது. புகையும் நெருக்கடியும் நிறைந்த நகரத்தில் ஆகவில்லை. மலையில் மனிதர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள், மலையில் ஓசோன் இருக்கிறது, ஆகவே ஓசோன்தான் மருந்து என்று ஐரோப்பியர் முடிவு கட்டிவிட்டார்கள். ஊர்கள் ஓசோனைச் சொல்லியே விருந்தாளிகளை அழைத்தன. ஆனால் ஓசோனை முகர்ந்தால் நெஞ்சு வலிக்கிறது என்று எழுதியவரும் அதே ஷோன்பைன்தான். அந்தப் பகுதி மட்டும் ஊருக்குள் பரவவில்லை. நூற்றைம்பது வருடம் கழித்து அதே பாதிச் செய்தி ஒரு வெள்ளைப் பெட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மகளுக்குக் குழப்பம். "டீச்சர் ஓசோன் நம்மைக் காப்பாத்துதுன்னு சொன்னாங்களே. நீங்க கெட்டதுன்னு சொல்றீங்க." அவளுக்கு விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "நெருப்பு அடுப்புல இருந்தா சோறு, கூரையில இருந்தா சேதம். இது திருப்பிப் போட்ட நெருப்பு. கூரையில இருக்கணும், வீட்டுக்குள்ள வரக்கூடாது. அப்படித்தானே?" இத்தனை வருட ஆசிரியர் வேலையில் இவ்வளவு அழகாக நான் சொன்னதில்லை.

கூரை என்பது தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். பூமியின் ஓசோனில் பத்தில் ஒன்பது பங்கு அந்த மேல்வளியில்தான் இருக்கிறது. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் மொத்தமாகத் தரைக்குக் கொண்டுவந்து அமுக்கினால் மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். நம்மைப்போல் வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு அதைவிடவும் கொஞ்சம் குறைவு. அந்த மூன்று மில்லிமீட்டர்தான் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம் தோலையும் கண்ணையும் காக்கிறது. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் அடைத்த குளிரூட்டி வாயுக்கள் அதை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் சொன்னார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை தெரிந்தது. இரண்டே வருடத்தில் உடன்படிக்கை. மலேசியா 1989-இல் சேர்ந்தது. அண்டார்டிகாவில் ஓசோன் படலம் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது 2022-இல் வந்த மதிப்பீடு. மகள் விரல் விட்டு எண்ணி, "அப்ப எனக்கு 53 வயசு" என்றாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள்: செவ்வாய், செப்டம்பர் 17

காலை ஆறேமுக்காலுக்குச் சித்தப்பாவோடு தேயிலை மேட்டுக்கு நடந்தோம். பனி இறங்கி, செடிகளின் மேல் ஈரம் மினுங்கியது. கூட்டம் எல்லாம் இறங்கிப் போய்விட்டது. சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. வீட்டிலிருந்து அந்த வளைவு வரை முக்கால் கிலோமீட்டர் இருக்கும், லேசான ஏற்றம். கிள்ளானில் மார்க்கெட்டுக்குப் போக மூன்று இடத்தில் நிற்கும் அம்மா, இங்கே ஒரே தடவைதான் நின்றார். அதுவும் கொழுந்தைக் கிள்ளிப் பார்க்க.

எதனால்? ஆக்சிஜன் அதிகம் என்று சித்தப்பா சொன்னார். உண்மையில் குறைவு. காற்றில் ஆக்சிஜன் பங்கு எங்கேயும் 21 விழுக்காடுதான். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறையும். ரிங்லெட் உயரத்தில் கடற்கரையைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆனாலும் அம்மா நடக்கிறார் என்றால், தூசியும் புகையும் குறைவு, உடம்பை வாட்டும் வெக்கை இல்லை, மூன்று ராத்திரியில் இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்கிறார், பக்கத்தில் பேச ஆள் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இவைதான் காரணம். பழுப்பு பம்பை ஒரு வேளையும் தவறவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலைக்கு வந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வங்காளதேசத்து இளைஞர்கள். இருவர் இருபுறம் பிடித்து நடக்கும் இயந்திரம். பின்னால் பை உப்பிக்கொண்டே வருகிறது. தலையிலிருந்து கழுத்து வரை துணி. மலையில் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு புற ஊதாக் கதிர் கூடும். குளிராக இருப்பதால் தோல் சுடுவது தெரியாது. "எங்க காலத்துல கூடை, கை. தமிழ்ப் பொம்பளைங்க பாட்டுச் சத்தம் இந்தப் பள்ளத்துல கேக்கும்" என்றார் சித்தப்பா. பேசும்போதே இருமினார். எப்போதும் இருமுகிறார் என்பதை இன்றுதான் கவனித்தேன். கேட்டேன். தொழிற்சாலையில் கடைசிப் பன்னிரண்டு வருடம் சலிக்கும் பகுதியில் வேலை. காய்ந்த தேயிலையைச் சலிக்கும்போது பஞ்சுபோலத் தூசி பறக்கும். "மூக்குல துணி கட்டுவோம். சாயந்தரம் துணி சாக்லேட் கலர்ல இருக்கும்." தேயிலைத் தூசி தொழிலாளர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் தரும் என்பது மருத்துவம் அறிந்ததுதான். நல்ல காற்றுக்குப் பேர்போன ஊரில் முப்பத்தோரு வருடம் வேலை செய்தவர் இவர்.

அம்மா அதைக் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். பால் வெட்டு இல்லாத மாதங்களில் மருந்தடிக்கப் போவாராம். முதுகில் டாங்கி, கையில் குழாய், காலில் செருப்பு. காற்று திரும்பினால் முகத்திலேயே விழும். "வாயில கசக்கும். கொஞ்சம் சக்கரை போட்டுக்குவோம்." அந்தக் களைக்கொல்லிகளில் ஒன்றான பாராகுவாட்டை நம் நாடு 2020 ஜனவரி 1 முதல்தான் முழுதாகத் தடை செய்தது. தோட்டத்துக் காற்று சுற்றிப் பார்க்க வந்தவருக்கு ஒன்று, வேலை செய்தவருக்கு வேறொன்று. இதை யாரும் விளம்பரப் பலகையில் எழுதமாட்டார்கள், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அடுத்த வாரம் தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப் படம் எடுப்பதாகச் சித்தப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். தேதியைச் சித்தியின் காலண்டரில் நானே எழுதினேன்.

மாலையில் இடி. மழை வருவதற்கு முன் ஒரு சில்லென்ற காற்று. அதில் அந்தக் கூரான வாசம் ஒரு கணம். அம்மா சட்டென்று திரும்பி, "அந்த மெஷின் வாசம்" என்றார். ஆமாம். மின்னல் ஆக்சிஜனைப் பிளந்து ஓசோன் உண்டாக்கும். மேலிருந்து இறங்கும் காற்று அதைக் கொண்டுவரும். ஒரு கணம் வந்து போகிற அந்த அளவு ஒன்றும் செய்யாது. பிறகு மழை விழுந்ததும் வந்ததே, அது வேறு. அது மண்வாசனை, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் விட்டுவைத்த ஜியோஸ்மின். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்லும் விளையாட்டை மகள் கண்டுபிடித்தாள். அம்மாதான் ஜெயித்தார்.

ஐந்தாம் நாள்: புதன், செப்டம்பர் 18

கிளம்பும் நாள். முன்வாசலில் தொங்கிய ரப்பர் பேண்டை இறக்கி, பள்ளியிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம். வெடிப்பு தெரியவில்லை. இந்தக் காற்றில் ஓசோனே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஓசோன் இல்லாத காற்று பூமியில் எங்கேயும் கிடையாது. மூன்று நாளில் ரப்பரை அறுக்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். அம்மா இழுத்து விட்டுப் பார்த்தார். "டப்"பென்று கையில் அடித்தது. "உசுரோட இருக்கு" என்றார்.

சித்தப்பா தேயிலைத் தூள் இரண்டு பொட்டலம் கட்டித் தந்தார். அம்மா அந்த ரப்பர் பேண்டையே அதற்குப் போட்டார்.

இறங்கும் வழியில் மகள் வாந்தி எடுக்கவில்லை. லாத்தா இஸ்கந்தார் தாண்டியதும் வெக்கை ஏறத் தொடங்கியது. தாப்பாவில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுஞ்சாலையில் நுழைந்தோம். அம்மா தூங்குகிறார் என்று நினைத்தேன். சுங்காய் தாண்டும்போது கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஸ்டோர்ல இருக்குற அந்தப் பெட்டி."

"சொல்லுங்கம்மா."

"பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடாத. அந்தப் புள்ளைக்குப் பேரப்புள்ள பொறந்திருக்கு. வீட்டுக்குப் போனதும் ஒயரை வெட்டிட்டு, குப்பையில போடு."

இரவு எட்டு மணிக்குக் கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அம்மா டார்ச் லைட் பிடித்தார்.